காலராகிப் போன தீர்ப்பு

அத்தியாயம் 14

தையல் தெரிந்த ஆளிடம் முக்கியமான காகிதம் எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள். போன வாரம் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். விட்டுவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நம் டெய்லரம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எதிர்க்கடை கண்ணாடிக்கடைக்காரர். எட்டு வருஷமாகக் கேட்டு, எட்டு வருஷமும் "பார்க்கலாம்" என்ற பதிலையே வாங்கி, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஒரு "சரி" வாங்கிய பொறுமைசாலி. முதல் கல்யாணம் ரத்தான தீர்ப்பைக் கொண்டு வாருங்கள் என்றது பதிவு அலுவலகம். வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார்கள். தீர்ப்பு கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கெட்டிக் காகிதமாக இருக்கிறதே என்று, ஏதோ ஒரு பையன் சட்டையின் காலருக்கு அளவாக அதை வெட்டி வைத்திருக்கிறாள் மகராசி! வளைவுக்குள் பிழைத்தது "எண் 347", பாதி முத்திரை, அவ்வளவுதான். வருஷம் கத்தரிக்குப் போய்விட்டது.

சிரிக்காதீர்கள். புதன்கிழமை நாலு மணிக்குள் தீர்ப்பின் நகல் போய்ச் சேராவிட்டால் கல்யாண நோட்டீஸ் காலாவதி. திரும்ப நோட்டீஸ், திரும்பப் பலகையில் பெயர், திரும்ப ஒரு மாதக் காத்திருப்பு. அதற்குள் டெய்லரம்மாவின் "சரி" பழையபடி "பார்க்கலாம்" ஆகிவிடும். இது மகளுக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்று அந்தப் புதன்.

"அம்மா, காலை எடு."

"எங்க வச்சிருக்கேன்?"

"பிரேக்ல!"

மகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயது இருபத்தெட்டு, வீட்டில் இன்னும் பாப்பாதான். ஸ்கூல் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் போதும், கார் குலுங்கி நிற்கும்.

"வெள்ளிக்கிழமைக்கு எந்த டிரெஸ்மா?"

நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

"அது தானாப் போகுதுடி. கால் என்ன என் பேச்சையா கேக்குது?" என்றாள் அம்மா.

பத்தரை மணிக்குக் குடும்பக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. பாப்பா அதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எதையோ மறந்த மாதிரி இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

ரெக்கார்ட் ரூம் கட்டடத்துக்கு அடியில். லிஃப்ட் திறந்து காத்திருந்தது. அம்மா அதை முறைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினாள். அவளுடைய முதல் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் மேல் உள்ள கோபத்தை அந்தப் பெட்டிகளின் மேல் காட்டுவது இருபது வருஷப் பழக்கம். முழங்கால் வலித்தாலும் சரி.

"காலரை வெளிய எடுத்து என் மானத்தை வாங்கினே, அப்படியே திரும்பிடுவேன்" என்று படியிலேயே எச்சரிக்கை வேறு.

ரெக்கார்ட் கீப்பர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். கூரை வரை இரும்பு அலமாரி, அலமாரி முழுக்கத் துணியில் கட்டிய மூட்டைகள். ஊரில் பிரிந்த ஜோடிகள் எல்லாம் இங்கேதான் சேர்ந்து கிடக்கிறார்கள்.

"விவாகரத்துத் தீர்ப்புக்கு நகல் வேணும் சார். எங்ககிட்ட இருந்தது... கிழிஞ்சு போச்சு" என்றாள் பாப்பா.

"எண்?"

"முந்நூத்தி நாப்பத்தி ஏழு."

"வருஷம்?"

"அதுதான் கிழிஞ்சிடுச்சு."

கைக்குட்டைக்குள் ஒரு தும்மல். "நல்லா இருக்கு. வருஷத்துக்கு ஒரு முந்நூத்தி நாப்பத்தேழு இருக்கும்மா. எதைன்னு எடுக்கட்டும்?"

"இவ ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம் தீர்ப்பு ஆச்சு" என்றாள் அம்மா.

"எண்ணுல இருக்கிறது தீர்ப்பு வந்த வருஷம் இல்லம்மா, மனு போட்ட வருஷம். கேஸ் எத்தனை நாள் நடந்தது?"

அம்மா நிமிர்ந்தாள். "நானே கேஸ் போட்டேன். ரெண்டே வாய்தா. முடிச்சுட்டு வந்துட்டேன்."

இந்த வசனத்தைப் பாப்பா முந்நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கடைக்கு வரும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், அவர்களுடைய மாமியார்கள் கேட்டிருக்கிறார்கள். பட்டன் வாங்கும் கடைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார்.

ரெக்கார்ட் கீப்பர் அந்த வருஷப் பதிவேட்டை இறக்கினார். 347 வேறு யாரோ. மனுதாரர்களின் பெயர் வரிசையில் தேடினார். அம்மா பெயர் இல்லை. அதற்கு முந்தின வருஷத்தையும் அடுத்த வருஷத்தையும் புரட்டினார். அவற்றிலும் இல்லை. அவர் தும்மினார், பாப்பா தும்மினாள். அம்மா மட்டும் துணித் தூசியில் ஊறிய மூக்கோடு கம்பீரமாக நின்றாள். மணி ஒன்று ஆகிவிட்டது.

"சாப்பிட்டுட்டு வரேன். நீங்களும் யோசிச்சு வைங்க" என்று டிபன் டப்பாவோடு போனார் அவர்.

"சரி விடு பாப்பா, இல்லைன்னா இல்ல. கிளம்பு. யூனிஃபார்ம் வேலை குவிஞ்சு கிடக்கு. கல்யாணம் எங்க ஓடிப் போகுது, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் அம்மா.

அந்தப் "பார்க்கலாம்" பாப்பாவுக்குச் சுரீர் என்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். லீவு விட்ட பிள்ளை முகம்!

"சந்தோஷமா இருக்கில்ல உனக்கு?"

"எனக்கென்னடி சந்தோஷம்?"

"கிடைக்கலைன்னதும் முகத்துல பல்பு எரியுது. உனக்குப் பயம்மா."

"பயமா? எனக்கா? ரெண்டே வாய்தாவுல..."

"தெரியும், தெரியும். ரெண்டே வாய்தா!"

கோபத்தில் பாப்பா விறுவிறுவென்று படியேறி வாசலுக்கு வந்துவிட்டாள். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியை ஆட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பொறி தட்டியது. நாலு வயசு. புது ஷூ. கை முழுக்கப் பிசுபிசுப்பு. இதே இரும்பு கேட். ஒரு தடவை இல்லை, பல தடவை!

கீழே ஓடினாள்.

"அம்மா, நான் சின்னதா இருக்கும்போது இந்த வாசல்ல எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கியா?"

அம்மா பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "எல்லா வாசல்லயும்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்."

"பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடிமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உள்ள வரவே மாட்டோம். வருவோம், ஐஸ்கிரீம் வாங்குவோம், திரும்பிடுவோம்."

அம்மா பைக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தாள்.

ரெக்கார்ட் கீப்பர் திரும்பி வந்ததும் பாப்பா சொன்னாள்: "சார், ரெண்டு வருஷம் முந்தி பாருங்க. கேஸ் ரொம்ப நாள் நடந்திருக்கு."

பதிவேடு இறங்கியது. விரல் கீழே போனது. நின்றது.

"முந்நூத்தி நாப்பத்தி ஏழு. எதிர்மனுதாரர்..." என்று அம்மாவின் பெயரைப் படித்தார். "நீங்க மனுதாரர் இல்லம்மா. மனு போட்டது உங்க வீட்டுக்காரர்."

"நான்தான் சார் போடச் சொன்னேன்!" அம்மாவுக்குக் குரல் எகிறியது. "பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். நூத்தி இருபது யூனிஃபார்ம் கையில இருந்துச்சு. நீயே போட்டுடுய்யான்னேன். அப்போ போட்டது யாரு? நான்தானே!"

"சட்டத்துக்கு அது தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியில் ஏறினார். மூட்டையை அவிழ்த்தார். உள்ளே 346 இருந்தது, 348 இருந்தது. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு.

"ஃபைல் நகல் பிரிவுக்குப் போயிருக்கு."

"நகல் பிரிவு எங்க சார்?"

அவர் ஏணியிலிருந்து இறங்கி, மூலையில் இருந்த இன்னொரு மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மூக்குக் கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்தார். "சொல்லுங்க. ஆள் பத்தாதும்மா, நகல் பிரிவும் நான்தான்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு ஐம்பது.

"நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு வேலை நாள்."

தீர்ந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டாள். ஆனால் அவர் இழுப்பறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இருங்க, இருங்க. முந்நூத்தி நாப்பத்தேழா? அடக் கடவுளே! பத்து நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன் இந்த விண்ணப்பத்தை வச்சுக்கிட்டு. நகல் ரெடி, முத்திரை ரெடி, வாங்க ஆள் வரல. என்ன காரணத்துக்கு நகல் வேணும்னு ஒரு கட்டம் இருக்கில்ல? அதுல இந்த மனுஷன் எழுதியிருக்கிறதைக் கேளுங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"'எதிர்மனுதாரரின் மறுமணத்துக்காக. அவரிடம் உள்ள தீர்ப்பு இந்நேரம் காலராகி இருக்கும்.' காலராகி இருக்கும்னா என்னம்மா அர்த்தம்?"

பாப்பா அம்மாவின் பையிலிருந்து அந்தக் காலரை எடுத்து மேஜையில் வைத்தாள். ரெக்கார்ட் கீப்பர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கோர்ட் முத்திரையில் பாதி. மறுபக்கம் பென்சிலில் "டாக்டரம்மா பையன், கழுத்து பதினொன்று". அவர் சிரித்த சிரிப்பில் மூட்டைத் தூசியெல்லாம் எழும்பித் திரும்பவும் தும்மல் வந்தது.

"எழுதினது நம்ம லிஃப்ட் மெக்கானிக்தாம்மா! இந்த லிஃப்டும் அவர்தான் பார்க்கிறாரு, பதிவு ஆபீஸ் லிஃப்டும் அவர்தான். அங்க பலகையில நோட்டீஸைப் பார்த்தேன், எப்படியும் இங்கதான் தேடிக்கிட்டு வருவாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அம்மாவின் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு எட்டிப் பார்த்தது. கல்யாண போட்டோ வந்த அட்டையையே சட்டைப் பாக்கெட்டுக்கு வெட்டியவள் அவள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் அந்த மனுஷன். தெரியாமல் இருக்குமா?

ஆனால் சிரிப்பை விழுங்கிவிட்டாள். "அந்த மனுஷன் தயவுல எனக்குக் கல்யாணம் நடக்க வேணாம். பாப்பா, கிளம்பு."

"வாங்கிக்க வேண்டியது நீங்க இல்லம்மா" என்றார் ரெக்கார்ட் கீப்பர். விண்ணப்பத்தோடு குத்தியிருந்த கடிதத்தைக் காட்டினார். பெற்றுக்கொள்ள வேண்டியவர்: என் மகள்.

பாப்பா அந்த இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளுக்குப் பத்து வயது வரை மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். அப்புறம் வரவில்லை. எத்தனையோ ஞாயிறு ஷூ போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். அதன் பிறகு அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டாள். "கடிதத்தைத் தரலாமா சார்?"

"எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு, இதை நீங்க எடுத்துக்கங்க."

அம்மா சுவர் ஓரத்து பெஞ்சில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பாப்பா, முழுக் கேஸுக்கும் எடுத்திருந்த நகல் கட்டை அவள் மடியில் வைத்தாள்.

"வேணாம்னா கிழிச்சுப் போடு. ஆனா படிச்சுட்டுக் கிழி. உன் கதைதானே?"

அம்மா முதல் தாளைப் புரட்டினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி. 'எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை.' அடுத்தது, 'எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை.' பாப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எண்ணினாள். ஒன்பது.

"ஒன்பது ஐஸ்கிரீம்" என்றாள் மெதுவாக.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாசல் வரைக்கும் வந்துடுவேன்டி. உள்ள வரக் கால் வராது. வேணாம்னு முடிவு பண்ணினதும் நான்தான், அவரை விரட்டினதும் நான்தான். ஆனா கையெழுத்துன்னு வந்தா, நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம் வந்துடும். நீ வேற கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. ஐஸ்கிரீம் வேணுமான்னு கேப்பேன். நீ வேணும்ப. அதுவே சாக்கு."

"அப்புறம் என்ன வீறாப்பு, ரெண்டே வாய்தான்னு?"

"வெளிய எப்படிடி சொல்றது, பயந்துக்கிட்டு ரெண்டு வருஷம் இழுத்தேன்னு?"

கடைசித் தாளுக்கு முந்தின தாளில் அம்மாவின் வாக்குமூலம் இருந்தது. டைப் அடித்தவர் அவள் பேச்சைக் கோர்ட்டுத் தமிழுக்கு மாற்றியிருந்தார். பாப்பா வாய்விட்டுப் படித்தாள்.

"நீதிபதியின் கேள்வி: தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பீர்கள்? பதில்: மெஷின் இருக்கிறது. கை இருக்கிறது. கேள்வி: யோசிக்க இன்னும் அவகாசம் வேண்டுமா? பதில்: வேண்டாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவகாசம் கொடுத்தாலும் பயமாகத்தான் இருக்கும். இன்றைக்கே முடித்துவிடுங்கள் ஐயா. கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

ரெக்கார்ட் கீப்பர் இரண்டாவது மேஜையிலிருந்து முதல் மேஜைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி, தானே ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. இப்போது பாப்பாவுக்கு இருக்கும் வயதுதான் அப்போது அவளுக்கு.

"நானா சொன்னேன் இதை?"

"நீதான்மா. முத்திரை குத்தியிருக்கு பாரு."

போன் அடித்தது. கண்ணாடிக்கடைக்காரர். பாப்பா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, நான் பதிவு ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன்மா. மூணு மணியிலேர்ந்து. அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா வாங்க. அம்மாவை அதட்டாதே. முடியலைன்னா பரவாயில்ல, காத்திருக்கிறது எனக்குப் பழகிப் போச்சு."

அம்மா எழுந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையைத் தேடினாள். அது தோளிலேயே இருந்தது.

"மணி என்னடி?"

"மூணு இருபது."

"படியேறினா லேட்டாயிடும். லிஃப்ட்ல போலாம்."

பாப்பாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. லிஃப்ட் சத்தமே இல்லாமல் மேலே போனது. "வேலை மட்டும் சுத்தமாச் செய்வான்" என்று அம்மா கதவைப் பார்த்துச் சொன்னாள்.

வாசலில் அதே ஐஸ்கிரீம் வண்டி. மணியை ஆட்டினார் வண்டிக்காரர். அம்மா நின்றாள். பாப்பாவுக்குத் திக்கென்றது. போச்சு, பத்தாவது ஐஸ்கிரீம்!

"திரும்பி வரும்போது வாங்கலாம்" என்றாள் அம்மா. "முதல்ல வண்டியை எடு."

காரில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கி சீட்டில் மடக்கி வைத்துக்கொண்டாள். நகல் கட்டு மடியில் இருந்தது. பாப்பா சோதித்துப் பார்க்கிறவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை கல்யாணம். கையெழுத்துப் போடணும். கண்ணாடி மாமா வீட்டுக்கு வந்துடுவார். தினமும் வருவார். போகவே மாட்டார்."

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மூன்று நாற்பத்தெட்டுக்கு நகல் பதிவு அலுவலக மேஜையில் இருந்தது. மேஜைக்காரர் தாளைப் புரட்டி, முத்திரையைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை பதினோரு மணி. லேட்டா வராதீங்க" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். அம்மாதான் வாங்கி மாட்டிவிட்டாள்.

அவர் கடை திறக்கக் கிளம்பிப் போன பிறகு அம்மாவும் மகளும் மறுபடி கோர்ட் வாசலுக்கு வந்தார்கள். சொன்னது சொன்னதுதான், இரண்டு ஐஸ்கிரீம். அம்மா காரில் உட்கார்ந்து, காலை மடக்கியபடியே, சின்னப் பிள்ளை போல நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

"கடைக்குப் போலாம்டி. நூத்தியெட்டு காலர் பாக்கி."

பாப்பா மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் துடைக்கச் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினாள். கையோடு வந்தது அப்பாவின் கடிதம். மடிப்பு பிரிந்து, பின்பக்கம் தெரிந்தது. அங்கே பென்சிலில், அவசரமாக எழுதிய மாதிரி இரண்டு வரி.

'வெள்ளிக்கிழமை நான் வரலாமா? அம்மாவைக் கேட்க வேண்டாம், நீ சொன்னால் போதும்.'

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. கார் நகரவில்லை.

"என்னடி, ஏன் நிக்குது? என் கால் மேலதான் இருக்கு, பாரு."

பாப்பா குனிந்து பார்த்தாள். பிரேக்கில் இருந்தது அவளுடைய கால்.